உதகையில் ஒரு கண்ணாடி மழைக்காடு தேவையா?

ஜெர்மனியின் லைப்சிக் உயிரியல் பூங்காவில் உள்ள 'கோண்ட்வானாலாந்து' மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வெளியே கடுங்குளிர் இருக்கையில் உள்ளே ஒரு வெப்பமண்டலக் காடு எப்படி உயிரோடு இருக்கிறது என்பது முதலாவது. அப்படி ஒன்றை உதகையிலோ கொடைக்கானலிலோ கட்டினால் நம் பிள்ளைகள் மழைக்காட்டையும் நம் மலைமேல் உள்ள சோலைக்காட்டையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாமே, ஏன் கட்டக் கூடாது என்பது இரண்டாவது. கோத்தகிரிப் பக்கம் சோலை மர நாற்றுகளை வளர்க்கும் வேலையில் இருக்கிறேன். மூடிய கூடங்களுக்குள் செடிகளைக் காப்பாற்றும் பாடும் எனக்குத் தெரியும். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: அந்த மண்டபங்களைக் கட்டியவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு, ஆனால் நம் மலைக்கு அந்த அளவில், அந்த வடிவில் ஒன்று வேண்டாம் என்றே நினைக்கிறேன். நமக்குத் தேவைப்படுபவை மிகச் சிறிய மூடிய அறைகள் சில. அவை எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வெப்பநாட்டுச் செடிகளைக் கண்ணாடிக்குள் வளர்ப்பது பழைய கலை. லண்டன் கியூ தோட்டத்தின் பனை மாளிகை 1848-இல் கட்டி முடிக்கப்பட்டது. கியூவில் வேலை பழகிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் உதகை தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். செடிகளோடு விலங்குகளையும் சேர்த்து ஒரு காட்டையே கூரைக்குள் காட்டும் முயற்சி பரவலானது மிகப் பிந்தி, 1980-களில். சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு பூங்காவின் 'டிராபிக் வேர்ல்டு', 1985-இல் நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவின் 'ஜங்கிள் வேர்ல்டு', 1988-இல் நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் 'புஷ்', 1992-இல் அமெரிக்காவின் ஒமாஹாவிலும் கிளீவ்லாந்திலும் ஒன்றொன்று, 2003-இல் சூரிச்சின் மசோவாலா மண்டபம், 2011-இல் நீங்கள் பார்த்த லைப்சிக் மண்டபம் என்று அவை வளர்ந்து வந்தன. எல்லாமே குளிர்நாடுகளில் இருப்பதைக் கவனியுங்கள். காடு எட்டாத தூரத்தில் வாழும் மக்களுக்காக அவை கட்டப்பட்டன.

முதல் கேள்விக்கு வருகிறேன். உள்ளே நடப்பவற்றில் பாதியைக் கூரையே தீர்மானிக்கிறது. பழைய மாளிகைகளில் கண்ணாடியும் அதைத் தாங்கும் இரும்பும் பெரும் எடை. சட்டங்களின் நிழலே கணிசமான வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதோடு, சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் 'பி' வகையை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. ஓணான் இனங்களுக்கும் பல குரங்குகளுக்கும் தோலில் வைட்டமின் டி3 உண்டாக அந்தக் கதிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எலும்பு வளைந்து, விலங்கு நடக்க முடியாமல் போகும். 2001-இல் இங்கிலாந்தின் ஈடன் திட்டத்திலும், பிறகு சூரிச்சிலும் லைப்சிக்கிலும் கண்ணாடிக்குப் பதிலாக ஈ.டி.எஃப்.ஈ. என்ற தெளிந்த பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்தினார்கள். அதே அளவுக் கண்ணாடியின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் இதன் எடை; புற ஊதாக் கதிரையும் உள்ளே விடும். தாள்களை அடுக்கி நடுவில் காற்றை நிரப்பிவிடுகிறார்கள். இரண்டு போர்வைகளுக்கு இடையே சிக்கிய காற்று நம்மைக் குளிரிலிருந்து காப்பது போலவே அந்தக் காற்றும் உள்வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

வெப்பத்தை உண்டாக்குவது எளிது. அதை இடமறிந்து நிறுத்துவதுதான் கடினம். சூடான காற்று மேலே போகும். 30 மீட்டர் உயரமுள்ள மசோவாலா மண்டபம் போன்ற இடத்தில், கோடையில் கூரைக்கு அடியில் கொதிப்பும் தரையில் இதமும் ஒரே நேரத்தில் இருக்கும். இது முழுக்கக் குறை என்று சொல்ல மாட்டேன். உண்மையான மழைக்காட்டிலும் மர உச்சி வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்துதான் கிடக்கும். அடித்தரை மட்டுமே எப்போதும் ஈரமாகவும் மங்கலாகவும் இருக்கும். ஆனால் காட்டில் அந்த வேறுபாட்டை மரங்களே உண்டாக்குகின்றன. மண்டபத்தில் அதைக் கூரைச் சாளரங்களும் விசிறிகளும் நீர்த்துளித் தெளிப்பான்களும் நாள் முழுதும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

தெளிப்பான்களின் துளை மிக நுண்ணியது. கடின நீரை அதில் விட்டால் சில வாரங்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். இலைகளின் மேலும் வெள்ளைப் படலம் ஏறி வெளிச்சத்தை மறைக்கும். அதனால் மழைநீரையோ எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடித்த நீரையோதான் பயன்படுத்துகிறார்கள். சூரிச்சில் 11,000 சதுர மீட்டர் கூரையில் விழும் மழையையே சேமித்து, உள்ளே மறுபடி மழையாகப் பெய்யவைக்கிறார்கள். நீங்கள் ரசித்த அருவிகளுக்கும் அழகைத் தாண்டிய வேலை உண்டு: காற்றில் ஈரம் சேர்ப்பதோடு, இயந்திரங்களின் இரைச்சலையும் அவை மூடிவிடுகின்றன.

பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று காற்று. காட்டில் மரம் நாளெல்லாம் அசைகிறது; அந்த அசைவுதான் அதன் தண்டைப் பருக்கவைத்து, வேரை ஆழ ஊன்றவைக்கிறது. அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற மூடிய கூடத்தை அமைத்தபோது, காற்றே படாமல் மளமளவென்று வளர்ந்த மரங்கள் தம் எடையைத் தாமே தாங்க முடியாமல் சாய்ந்தன. மூடிய மண்டபங்களில் மரங்களுக்கு முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சாயாமல் பிழைத்த மரம் கூரையை முட்டும். பிறகு ஆண்டுதோறும் அதன் தலையை வெட்டியாக வேண்டும். நூறு ஆண்டுகள் வளர வேண்டிய மரத்துக்கு அங்கே முதுமை என்ற பருவமே கிடையாது. பொந்து விழுந்த மரமும், சரிந்து அழுகும் மரமும், அவற்றில் குடியேறும் இருவாச்சியும் வண்டும் காளானும் காட்டின் பாதி உயிர். அந்தப் பாதி மண்டபத்துக்குள் வருவதில்லை.

பூச்சிகளைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். குளிர்காலமும் கோடையும் இல்லாத, மாறாத வெதுவெதுப்பும் ஈரமும் கொண்ட இடம் மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் சொர்க்கம். எறும்புகள் மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அவற்றைச் செடிக்குச் செடி சுமந்து சென்று குடியேற்றும். தோட்டமாக இருந்தால் மருந்தடிக்கலாம். இங்கே மருந்து பட்ட இலையைக் குரங்கு தின்னும், மருந்து பட்ட பூச்சியைத் தவளை விழுங்கும், தவளையின் தோல் மருந்தை நேராகவே உறிஞ்சிவிடும். எனவே பூச்சியைப் பூச்சியால்தான் அடக்குகிறார்கள். வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி. மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு. இந்தப் பொறிவண்டு நம்மவர்களுக்குப் புதிதல்ல, காபித் தோட்டங்களிலும் மாவுப்பூச்சிக்கு எதிராக இதையே விடுகிறார்கள். மண்டபத்தில் உள்ள தொல்லை என்னவென்றால், இரை தீர்ந்ததும் வண்டும் தீர்ந்துவிடும். பிறகு எங்கோ ஒரு கணுவில் ஒளிந்திருந்த மாவுப்பூச்சி மீண்டும் பெருகும். மறுபடி வண்டு வாங்கி விட வேண்டும். பறவைகளையும் பல்லிகளையும் தளையின்றி உலவவிட்ட மண்டபங்களில் இந்த ஏற்றத்தாழ்வு சற்றுத் தணிகிறது. ஆர்னெமில் அதைத் தெரிந்தே செய்கிறார்கள். என் பார்வையில் அந்த வகை மண்டபங்களே காட்டுக்கு நெருக்கமானவை.

பெரிய விலங்குகளைச் சேர்த்தால் செடிகளை இழக்க நேரும். குரங்குக் கூட்டம் ஓர் உயிர் மரத்தைச் சில நாட்களில் மொட்டையடித்துவிடும். காட்டில் கூட்டம் நகர்ந்துவிடுவதால் மரம் தேறிக்கொள்கிறது. மண்டபத்தில் அவை நகர வேறிடம் இல்லை. அதனால்தான் ஒமாஹாவிலும் புரூக்ஃபீல்டிலும் குரங்குகள் ஏறும் பெருமரங்கள் இரும்புக் கம்பிமேல் சிமென்ட் பூசிச் செய்யப்பட்டவை. பார்வைக்கு அவை மரங்கள். ஆனால் அவற்றில் தளிர் இல்லை, பழம் இல்லை, பட்டைக்குள் புழு இல்லை. விலங்கு தானே தேடித் தின்ன வேண்டியதையெல்லாம் காப்பாளர்தான் ஒளித்துவைத்துத் தேடச் செய்ய வேண்டியிருக்கிறது.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால், இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்வேன். தான்சானியாவின் கிஹான்சி பள்ளத்தாக்கில், ஓர் அருவியின் சாரல் படும் சில ஏக்கர் நிலத்தில் மட்டும் வாழ்ந்த சிறு தேரை ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டில் மின் திட்டத்துக்காக ஆற்றைத் திருப்பியபோது சாரல் நின்றது. அந்த ஆண்டே 499 தேரைகளைப் பிடித்துப் பிராங்க்ஸ் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். இயற்கையில் அற்றுப்போனதாக 2009-இல் அறிவிக்கப்பட்ட அந்த இனம், பிராங்க்ஸிலும் அமெரிக்காவின் டொலீடோ உயிரியல் பூங்காவிலும் செயற்கைச் சாரலின் கீழ் குட்டி போட்டுப் பெருகியது. பள்ளத்தாக்கிலும் தெளிப்பான்கள் அமைத்தபின் 2012-இல் அங்கேயே திரும்ப விடப்பட்டது. குந்தாவும் பைக்காராவும் மின்சாரம் தரும் மலையில் வாழும் நமக்கு இந்தக் கதை தொலைதூரத்துச் செய்தியாக இருக்க முடியாது. மற்றொன்று சூரிச். அங்கே காட்டப்படுவது 'ஏதோ ஒரு காடு' இல்லை; மடகாஸ்கரின் மசோவாலா தேசியப் பூங்கா என்ற ஒரே இடம். மண்டபத்தின் வழியே அந்தப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் நிதி போகிறது. எந்தக் காட்டைக் காட்டுகிறோமோ அந்தக் காட்டுக்கே கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வோடு நடத்தப்படுவதால் அதை முதலிடத்தில் வைக்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி. உதகையிலோ கொடைக்கானலிலோ கட்டுவதென்றால் எந்தக் காட்டை உள்ளே வைப்பது? சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் வாழும் உயர்ந்த மழைக்காடு நம் மேட்டுநிலத்துக்கு உரியதல்ல. வால்பாறைப் பக்கத்திலும் நீலகிரியின் மேற்குச் சரிவுகளின் கீழ்ப்பகுதியிலும் இருப்பது அது. சோலை வேறு. புல்வெளிகளுக்கு நடுவே, நீரோடும் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் குட்டையான, நெருக்கமான காடு. செண்பகமும் நாவலின் மலையினங்களும் காட்டுப்பூவரசும் பாசி போர்த்த கிளைகளுமாக இருக்கும் அந்தக் காட்டுக்குக் குளிர் வேண்டும், மூடுபனி வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டையும் வைத்தால் ஏதாவது ஒன்று சாகும்.

கீழ்நாட்டு மழைக்காட்டை மட்டும் வைக்கலாம் என்றால் குளிர் குறுக்கே நிற்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் ஜனவரி விடியலில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். வெளியே 2 டிகிரி, உள்ளே 24 டிகிரி என்றால் அந்த 22 டிகிரி வேறுபாட்டுக்கு ஏற்ப, கூரையின் முழுப் பரப்பு வழியாகவும் வெப்பம் இரவெல்லாம் கசிந்துகொண்டிருக்கும். அதை ஈடுகட்ட எரிபொருளோ மின்சாரமோ வேண்டும். அதே நாள் நண்பகலில் மலைவெயில் உள்ளே அடைபட்டுக் கொதிக்கும். தென்மேற்குப் பருவத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது இங்கே வழக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு மண்டபம் நிறைய உயிர்களின் வெப்பத்துக்கு யார் பொறுப்பேற்பது? மண் சரியும் இந்தச் சரிவுகளில் கட்டடங்களின் உயரத்துக்கும் பரப்புக்கும் கட்டுப்பாடுகள் இருப்பதும் நியாயமானதே. மறுபக்கம், வண்டலூரில் சோலையைக் காட்ட நினைத்தால் கோடை முழுக்கக் குளிரூட்ட வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் 2012-இல் திறந்த 'மேகக் காடு' கூடம் அப்படிக் குளிரூட்டப்பட்டதுதான். 35 மீட்டர் உயரச் செயற்கை மலையில் மலைநாட்டுச் செடிகளை வைத்திருக்கிறார்கள். அந்தத் தீவில் உயர்ந்த மலை இல்லாததால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

செலவைவிட எனக்குப் பெரிய அச்சம் வேறொன்று. நம் மலை ஏற்கெனவே அழகுக்காக வந்த செடிகளால் அடிபட்ட மலை. ஸ்காட்ச் புரூமும் செஸ்ட்ரமும் தோட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்டவை. இன்று ஒன்று புல்வெளியையும் மற்றொன்று சோலையின் ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நகர மறுக்கின்றன. உண்ணிச்செடியின் கதை எல்லோருக்கும் தெரியும். லைப்சிக்கில் மண்டபத்தை விட்டு வெளியேறும் வெப்பநாட்டு விதை அடுத்த குளிர்காலத்தில் சாகும். இங்கே கோத்தகிரிச் சரிவில் விழுந்தால் முளைக்கும். தவளைகள் விஷயம் இன்னும் கடுமையானது. உலகின் பல நாடுகளில் தவளை இனங்களை அழித்த கைட்ரிட் பூஞ்சையின் அயல் வகைகள் வெளிநாட்டுத் தவளையோடும், அதன் தொட்டி நீரோடும் வந்து சேரக்கூடும். கழிவுநீர் ஒரே ஒரு முறை ஓடையில் கலந்தால் போதும். விதைகளைப் பொறுத்தவரை குளிர்நாட்டில் குளிரே காவலாக நிற்கிறது. நமக்கு அந்தக் காவல் இல்லை.

மேலும், அசல் பக்கத்திலேயே இருக்கிறது. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024 ஜனவரியில் சேர்ந்தது. லைப்சிக் மண்டபத்தைப் போல ஏறத்தாழ எழுபது மடங்கு. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தருவதும் அதுதான். நீலகிரிச் சிரிப்பானின் குரலை அங்கே கேட்க யாரும் விசிறி சுழற்றத் தேவையில்லை. ஒரு மண்டபத்துக்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியைச் சீகை (வாட்டில்) மரமும் செஸ்ட்ரமும் புகுந்த சோலை ஓரங்களை மீட்கச் செலவிட்டால், பிள்ளைகளுக்குக் காட்ட உண்மையான காடு கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனாலும் மூடிய அறைகள் சில வேண்டும் என்றேன். நம் புதர்த்தவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் வெளியே கிடையாது. ஈரமண்ணிலோ இலையிலோ இட்ட முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் நடந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். முட்டை காய்ந்தால் எல்லாம் முடிந்தது. கொடைக்கானலிலிருந்து 2006-இல் விவரித்துப் பெயரிடப்பட்ட ஓர் இனமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. மூடுபனி குறைந்து, சோலைத் துண்டுகள் உலர்ந்துபோகும் காலத்தில் இவற்றை வளர்க்கத் தெரிந்த கைகள் இந்த மலையிலேயே இருக்க வேண்டும். கிஹான்சி தேரைக்கு நேர்ந்தது நேர்ந்தபின் பழகத் தொடங்கினால் காலம் போதாது. இதற்கு ஒரு பெரிய படுக்கையறை அளவு இடம், வடித்த நீர், நுண்துளித் தெளிப்பு, நுழைவாயிலில் காலணி கழுவும் தொட்டி, கழிவுநீரைக் கிருமிநீக்கும் ஏற்பாடு ஆகியவை போதும். வெளிநாட்டு உயிர் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. பார்வையாளர்கள் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்று பார்க்கலாம்.

செடிகளுக்கும் அதே அளவு ஏற்பாடுதான் வேண்டும். சோலை மரங்கள் பலவற்றின் விதை உலர்ந்தால் உயிர்விடும். பறித்த ஈரத்தோடு விதைக்க வேண்டும். முளைத்த நாற்றைத் திறந்த வெளியில் உறைபனி கருக்கிவிடும். புல்வெளிக்குள் சோலை எளிதில் பரவாததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். எனவே நிழல்வலையும் உறைபனி தடுக்கும் எளிய கூரையும் உள்ள நாற்றங்காலே எங்கள் மழைக்காட்டு மண்டபம். இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வயநாட்டில் பெரியா அருகே 1981-இல் தொடங்கிய குருகுல தாவரச் சரணாலயம் சான்று. ஜெர்மனியிலிருந்து வந்த உல்ஃப்காங் தாயர்காஃப் அதை உருவாக்கினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளையும் ஆர்க்கிட்களையும் காசித்தும்பை இனங்களையும், காட்டோடு காடாக, மர நிழலிலும் சிறு குடில்களிலும் அங்கே காத்து வருகிறார்கள். வானளாவிய கூரை எதுவும் இல்லை. செடிகளைத் தினமும் கையால் பேணத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். அந்தத் திறமைதான் அங்குள்ள பெரும் முதலீடு.

ஆகவே நீங்களோ உங்கள் நண்பர்களோ தோட்டக்கலைத் துறைக்கு மனு எழுதுவதாக இருந்தால், புதிய மண்டபம் கேட்காதீர்கள். உதகை தாவரவியல் பூங்காவிலும் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் ஏற்கெனவே கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. பெரும்பாலும் தொட்டிப் பூக்களுக்கே பயன்படும் அவற்றில் ஒரு பகுதியை இம்மலைக்கே உரிய பெரணி, ஆர்க்கிட், பாசி, மரப்பெரணிக் கன்றுகளுக்கு ஒதுக்கும்படி கேளுங்கள்; ஒவ்வொன்றும் எந்தச் சோலையில் வளர்வது என்று தமிழில் பலகை வைக்கும்படியும் கேளுங்கள். இவற்றுக்குச் சூடேற்றத் தேவையில்லை, நிழலும் ஈரமும் போதும்.

பிள்ளைகளுக்காக மட்டும் கேட்கிறீர்கள் என்றால், ஜூன் முதல் செப்டம்பருக்குள் வாருங்கள். கோடைக் கூட்டம் வடிந்திருக்கும்; மாலை ஆறு மணிக்குமேல் சாலையோரப் புதர்களிலேயே தவளைக் குரல்கள் கேட்கும். லாங்வுட் சோலைக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, வழி தெரிந்தவர் ஒருவரோடு காலை வேளையில் போங்கள். காட்டெருமை நடமாட்டம் இருப்பதால் தனியாகப் போக வேண்டாம். அட்டைக்கு உப்பு கொண்டுபோவதைவிட நீண்ட காலுறை அணிவது நல்லது, ஏனென்றால் உப்பு அந்த மண்ணுக்கு ஆகாது.